சந்தோஷ வியாதி

துக்கத்தினால் மனிதர்களுக்கு வரும் வியாதிகளைப் பற்றி வைத்திய சாஸ்திரங்கள் எவ்வளவோ சொல்லியிருக்கின்றன. கவலையினால் தூக்கம் போகும்; கோபத்தினால் இரத்தக் கொதிப்பு ஏறும்; கடன் கொடுத்தவரைத் தெருமுனையில் கண்டால் மார்பு படபடக்கும். ஆனால் சந்தோஷத்தினால் வரும் வியாதி ஒன்று உண்டு என்பதும், அதற்கு மருந்து சந்தோஷத்தைக் குறைப்பதுதான் என்பதும் சென்ற குளிர்காலம் வரையில் நமக்குத் தெரியாது. அதை நமக்குக் கற்பித்த ஆசான் நான்கு காலும் ஒரு வாலும் உடையவர். கால்கள் நான்கும் சௌக்கியம். வாலைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

நாய் வளர்ப்பதென்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியவுடன், எந்த ஜாதி நாய் என்ற பிரச்னை எழுந்தது. நாம் வசிப்பது உதகமண்டலம். அடுத்த வீட்டு நண்பர் ரோமம் அடர்ந்த ஓர் அயல்நாட்டு நாயை வைத்திருக்கிறார். "குளிர் தேசத்து நாயாக வாங்குங்கள், சார். கம்பளியைக் கூடவே கொண்டு வந்துவிடும்" என்று அவர் யோசனை சொன்னார். யோசனை நல்லதுதான். ஆனால் நமக்குள் சுதேசி உணர்ச்சி பொங்கிவிட்டது. நமது நாட்டில் நாய்க்கா பஞ்சம்? 2005 ஜனவரியில் தபால் இலாகாவினர் இந்திய நாய்களைக் கௌரவித்து நான்கு தபால்தலைகள் வெளியிட்டார்கள். ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுக்காவல் நாய் ஆகிய நான்குக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. எங்கள் விருதுநகர்ச் சீமையில் ராஜபாளையத்துக்குத் தபால்தலை. பக்கத்திலேயே இருக்கும் சிப்பிப்பாறைக்கு ஒன்றும் இல்லை! அண்ணனுக்குப் பட்டம் கட்டிவிட்டுத் தம்பிக்குப் பந்தியில் இலை கூடப் போடாத கதைதான். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலிப் பேச்சில் சுதேசி நாய்களை வளர்க்கச் சொல்லி, சிப்பிப்பாறையின் பெயரையும் குறிப்பிட்ட பிறகே நம் மனம் சற்று ஆறியது. ஆகவே சொந்த ஊரிலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைத் தருவித்து, "சிப்பி" என்று நாமகரணமும் செய்தோம்.

சிப்பிப்பாறை நாயைப் பாராதவர்களுக்காக ஒரு வார்த்தை. கரிசல் காட்டில் முயலைத் துரத்துவதற்கென்றே அமைந்த உடம்பு அதற்கு. நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, முதுகோடு ஒட்டிய வயிறு, தோலோடு ஒட்டிய குட்டை ரோமம், சாட்டையைப் போன்ற வால். கொழுப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. சித்திரை வெயிலில் ஓடுவதற்கு இதைவிட உத்தமமான உடம்பு இல்லை. அப்பேர்ப்பட்ட பிராணியைக் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் கொண்டு வந்து கட்டினால் என்ன ஆகும் என்பதை, சுதேசி உணர்ச்சி பொங்கிய நேரத்தில் நாம் யோசிக்கவில்லை. தேசபக்தி நம்முடையது, குளிர் நாயினுடையது.

உதகையில் கார்த்திகை பிறந்துவிட்டால் உறைபனியை எதிர்பார்க்க வேண்டியதுதான். தாழ்ந்த புல்வெளிகள் விடியற்காலையில் உப்பைக் கொட்டி வைத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகள் கருகிப் போகாமல் இருக்கக் கோத்தகிரி மிலாறுகளை வெட்டி வந்து போர்த்துவார்கள். பூச்செடிக்குப் போர்வை உண்டு. பூங்காவைப் பார்க்க வருகிறவர்களுக்குக் குல்லாயும் கம்பளியும் உண்டு. சிப்பிக்கு என்ன உண்டு? தர்மபுத்திரர் ஒரு நாயுடன் இமயமலை ஏறினார் என்று மகாபாரதம் சொல்லுகிறது. அதைச் சொர்க்கத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவர் வாதாடியதெல்லாம் விவரமாக இருக்கிறது. வழியில் அதன் குளிருக்கு என்ன ஏற்பாடு செய்தார் என்பதைத்தான் காணோம். ஆகவே முன்னோர் காட்டிய வழி இல்லாமல், நாமே பரீட்சை செய்து பார்க்கும்படி ஆயிற்று.

முதல் பரீட்சையைக் குழந்தை செய்தாள். நம் புதல்விக்குப் பத்து வயது. தான் சிறு குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்ட கம்பளிக் காலுறைகளை எங்கிருந்தோ தேடியெடுத்து, சிப்பியின் நான்கு கால்களிலும் மாட்டினாள். சிப்பி ஒவ்வொரு காலையும் தனித்தனியே உதறிக்கொண்டு, சேற்றில் இறங்கிய மாப்பிள்ளையைப் போல் நடந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது மூன்று காலுறைகள்தான் இருந்தன. நான்காவது இரண்டு நாள் கழித்து அகப்பட்டது. அது எந்த வழியாக வந்தது என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம். இதைப் பின்னர் கால்நடை வைத்தியரிடம் ஹாஸ்யமாகச் சொல்லப் போக, அவர் சிரிக்கவில்லை. "அது வெளியே வந்தது உங்கள் அதிர்ஷ்டம். குடலில் அடைத்துக்கொண்டிருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்திருக்க வேண்டும்" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாய்க்குக் காலில்தான் குளிர் குறைவு. 2011-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நாயின் உள்ளங்காலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து சொன்ன செய்தி இது. காலுக்குப் போகும் சூடான இரத்தக் குழாயும், காலிலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தக் குழாய்களும் அங்கே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. போகிற இரத்தம் வருகிற இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. அதனால் பனியில் நின்றாலும் அந்தக் குளிர்ச்சி உடம்புக்குள் ஏறுவதில்லை. இயற்கை கணப்புப் போட்டு வைத்திருந்த இடத்தில் நாம் காலுறை மாட்டினோம். ரோமம் இல்லாத வயிற்றைத் திறந்து போட்டுவிட்டோம்.

இரண்டாவது பரீட்சை நம் சகதர்மிணியுடையது. நம்முடைய பழைய பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை அவள் வெட்டித் தைத்துச் சிப்பிக்கு அணிவித்தாள். மார்பில் இறுக்கம், இடுப்பில் தொளதொளப்பு என்பதைத் தவிரக் குற்றம் சொல்ல இடமில்லை. மறுநாள் காலையில் மூடுபனி கவிந்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. நாம் பின்தங்கி வர, சிப்பி தெருவோரத்து மேட்டில் ஏறி நின்றது. எதிரே வந்த நம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்தப் பழுப்புச் சட்டையைப் பார்த்ததும் நின்று, புத்தகப் பையைச் சரிசெய்துகொண்டு, "குட்மார்னிங், சார்!" என்றான். சிப்பி வாலை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டது. பையன் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி என்ன சொன்னான் என்று நாம் விசாரிக்கவில்லை. ஆனால் நாம் வகுப்பில் நுழைந்தபோது முதல் வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். அது ஜலதோஷத்தினால் வந்த இருமல் அல்ல.

இரவில் எங்கே படுப்பது என்ற பிரச்னையைச் சிப்பி தானே தீர்த்துக்கொண்டது. அத்தை ஒரு கரிக்கணப்பை மூட்டி அதன் அருகில் வைத்துவிடலாம் என்றார். நாம் உடனே மறுத்துவிட்டோம். மூடிய அறையில் கரி கனன்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு உண்டாகும். மலைவாசஸ்தலங்களில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திராமலே போனதுண்டு. நாம் இந்த உபந்நியாசத்தைச் செய்து முடிப்பதற்குள் சிப்பி நம் கட்டிலில் ஏறிக் கம்பளிக்குள் புகுந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டது. அரையாண்டுப் பரீட்சை விடைத்தாள்களும் அதே கட்டிலில்தான் இருந்தன. காலையில் பார்த்தபோது, முப்பத்தெட்டுப் பேருடைய இலக்கணமும் ஒரே மாதிரி கசங்கியிருந்தது. நாம் எவ்வளவு திருத்தியும் காண முடியாத சமத்துவம் அது.

இதுவரையில் சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விபத்துக்கள். இனிமேல்தான் வால்.

வெயில் காலத்தில் நாம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது சிப்பி வாசல் முற்றத்தில் நின்று வரவேற்கும். அதன் வால் ஆடுவதென்றால் வால் மட்டும் ஆடாது, இடுப்புவரையில் ஆடும். முற்றத்தில் அந்த வால் காற்றைத்தான் அடித்தது, காற்றுக்கு வலிக்கவில்லை. குளிர்காலம் வந்ததும் கதவுகளைச் சாத்தினோம். சிறுத்தை நடமாட்டத்துக்குப் பயந்து இருட்டிய பிறகு நாயை வெளியே விடுவதையும் நிறுத்தினோம். ஆகவே வரவேற்பு உபசாரம் முழுவதும் மூன்றடி அகலமுள்ள உள் நடையில் நடக்கலாயிற்று. இடப்பக்கம் சுவர்; வலப்பக்கம் செருப்பு அலமாரி. நடுவில் சிப்பியின் சந்தோஷம். இதன் விளைவு என்னவாகும் என்று கணக்கு வாத்தியார்களுக்குக் கூடத் தோன்றியிருக்கும். தமிழ் வாத்தியாராகிய நமக்குத் தோன்றவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் மாலை வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. நடைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புப் புள்ளிகள். நம் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் அத்தை ஒருவர்தான்.

"ஏன் அத்தை, துப்புவதற்குக் கொல்லைப்புறம் இல்லையா?" என்று சகதர்மிணி மிகவும் மரியாதையாகக் கேட்டாளாம்.

அத்தை கொதித்துப் போனார். நம்மைக் கண்டதும், "ஏப்பா, நீ படித்தவன், நீயே சொல்லு. எழுபத்திரண்டு வயதில், இந்த மூட்டுவலியோடு, முழங்கால் உயரத்துக்குக் குனிந்தா நான் துப்புவேன்? துப்புகிறவள் நின்றுகொண்டே துப்ப மாட்டேனா?" என்றார்.

வாதம் பலமாகத்தான் இருந்தது. நாம் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தோம். நம் குரலைக் கேட்ட சிப்பி உள்ளேயிருந்து ஓடி வந்தது. வால் சுவரில் 'டக்' என்றது. அலமாரியில் 'டக்' என்றது. நம்முடைய வெள்ளைச் சட்டையில் ஐந்தாறு சிவப்புப் புள்ளிகள் தெறித்தன. வால் நுனியில் தோல் பிளந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. சிப்பிக்கோ அது தெரிந்ததாகவே காணவில்லை. நாம் வந்துவிட்டோம் என்பதுதான் அதற்கு விஷயம்.

உடனே வீடு ஆஸ்பத்திரியாயிற்று. அத்தை மஞ்சளைக் குழைத்துப் பூசினார். அடுத்த ஆட்டத்தில் மஞ்சள் மேற்கூரை வரையில் போயிற்று. துணியைச் சுற்றிக் கட்டினோம். கட்டு அவிழ்ந்து பறந்து, நலம் விசாரிக்க வந்திருந்த அடுத்த வீட்டு நண்பரின் தேநீர்க் கோப்பையில் இறங்கிற்று. ஒட்டுத்துணியை இறுக்கிச் சுற்றினோம், சிப்பி அதைப் பல்லால் பிய்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது உங்களுடையதா?" என்பது போல் பார்த்தது.

வலிக்குமே என்று இரங்கி, நமக்குப் பல்வலி வந்தபோது வாங்கிய இபுப்ரோஃபென் மாத்திரையில் பாதியை ஓர் இட்லிக்குள் ஒளித்துக் கொடுத்தோம். சிப்பி இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாக உமிழ்ந்து தரையில் வைத்தது. இரண்டாவது இட்லியிலும் அப்படியே. "திமிரைப் பார்!" என்றோம். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும், நாய்க்கு மாத்திரை கொடுப்பதென்றால் அதன் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாதென்பதும் மறுநாள்தான் நமக்குத் தெரிய வந்தன. பட்டதாரியான நாம் விஷத்தைக் கொடுத்தோம். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பி அதை நிராகரித்தது. அன்று இரவு அதை நினைத்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது தடவை கட்டுப் போடும்போது வலி பொறுக்காமல் சிப்பி நம் கையைக் கவ்விவிட்டது. கவ்விய மறுகணமே விட்டு, நாம் கடித்தது போல் ஒரு மூலையில் போய்ப் பதுங்கிற்று. வலியில் இருக்கும் நாய் எஜமானனையும் கடிக்கும். மருந்து போடுமுன் மெல்லிய துணியால் வாயைத் தளர்வாகக் கட்ட வேண்டும் என்பது விஷயமறிந்தவர்கள் சொல்வது. நாம் விஷயமறிந்தவர்களானது எப்போதும் போல் பிற்பாடுதான். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கையைக் கழுவினோம். சிப்பிக்கு வெறிநோய்த் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருந்தது. ஆயினும் மருத்துவர், "இது பந்தயம் கட்டிப் பார்க்கிற விஷயம் அல்ல" என்று சொல்லி நமக்கும் ஊசி எழுதிக் கொடுத்தார்.

அத்தை விசும்பத் தொடங்கிவிட்டார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அவர் சிறு வயதில் கேட்டிருந்த கதை அவரை விடவில்லை. அது கதையல்ல, முன்னாளில் உண்மைதான். 1885-இல் பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை வெறிநாய்க்கடியிலிருந்து காப்பாற்றினார். அவர் பெயரால் 1907-இல் இதோ கீழே குன்னூரில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அது முதல் தென்னாட்டில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்தக் காலத்து மருந்தை வயிற்றில்தான் குத்த வேண்டியிருந்தது. 2005-ஆம் வருஷத்துக்குள் அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசிகள்தான். இவ்வளவையும் அத்தைக்கு விளக்கினோம். "தொப்புளில் இல்லையே?" என்று மட்டும் அவர் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் சிப்பியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். டாக்டரம்மாள் வாலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் மறுபடியும் நம்மைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையை நாம் மாணவர்கள்மேல் உபயோகித்ததுண்டு. நம்மேல் பட்டது அன்றுதான்.

"நீண்ட மெல்லிய வாலும் கெட்டிச் சுவரும் சேர்ந்தால் இப்படித்தான் வரும். நுனியில் தோலும் எலும்பும் தவிர ஒன்றும் இல்லை. ஆறுவதற்குள் மறுபடி அடித்துக்கொள்ளும். இதற்குச் சந்தோஷ வால் என்றே பெயர். சில வாரம் ஜாக்கிரதையாக இருந்தால் ஆறிவிடும். ஆறாவிட்டால் வாலில் ஒரு பகுதியை வெட்ட வேண்டியிருக்கும்" என்றார்.

கூட வந்திருந்த குழந்தையின் முகம் சுண்டிவிட்டது.

டாக்டரம்மாள் காயத்தைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். கட்டின்மேல், வெந்நீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மெத்தென்ற நுரைக்குழலில் ஒரு துண்டை மாட்டினார். கட்டைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் பெரிய புனல் ஒன்றையும் பூட்டினார். இங்கிலாந்தில் முதலாம் எலிஸபெத் மகாராணி காலத்துப் பிரபுக்கள் அணிந்த கழுத்து மடிப்பைப் போல் இருப்பதால், இதற்கு எலிஸபெத் காலர் என்று பெயராம். சுதேசியென்று சிப்பிப்பாறையிலிருந்து கொண்டு வந்த நாய்க்குக் கடைசியில் அன்னிய ராணியின் கழுத்துப் பட்டை! பழைய இசைத்தட்டுகளில் ஒரு நாய் கிராமபோன் புனலுக்கு முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும். இங்கே புனலே நாயின்மேல் ஏறிக்கொண்டது. அது வீட்டில் நடமாடியபோது வாசற்படிகள் இடித்தன; அத்தையின் வெற்றிலைச் செல்லம் கவிழ்ந்தது; குடிதண்ணீர்ப் பாத்திரத்தைப் புனல் மூடிக்கொண்டதால் சிப்பி தண்ணீரைக் காணாமல் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

புறப்படும்போது டாக்டரம்மாள் கடைசி மருந்தைச் சொன்னார். "காயம் ஆறுகிற வரையில் இதை அதிகமாகச் சந்தோஷப்படுத்தாதீர்கள்."

இது நமக்குக் கஷ்டமாகத் தோன்றவில்லை. இருபது வருஷமாக நாம் வகுப்பில் நுழையும்போது நாற்பது முகங்களில் சந்தோஷம் மறைந்து வருகிறது. ஒரே ஒரு நாயிடம் அதைச் சாதிப்பது பெரிய காரியமா? 1920-இல் மகாத்மாவின் தலைமையில் தேசம் அன்னிய ஆட்சியோடு நடத்திய ஒத்துழையாமையை நாம் வீட்டுக்குள் ஒரு நாயோடு தொடங்கினோம். வருகிறவர்கள் கொல்லைப்புற வழியாக, பூனை போல் வர வேண்டும். பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. தடவிக் கொடுக்கவே கூடாது.

முதல் மூன்று நாள் இயக்கம் படுதோல்வி. சிப்பியின் சந்தோஷத்துக்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால், முகம் திரும்பிய பக்கம் வந்து ஆட்டும். அத்தை, "சனியனே, சும்மா கிட!" என்று அதட்டினார், தம்மோடு பேசிவிட்டாரே என்று அதற்கும் ஆட்டியது. நாம் கொல்லைக் கதவைத் திறக்குமுன்பே, கதவுக்கு அப்பால் 'டக், டக்' என்று கேட்கும்.

நான்காம் நாள் சத்தம் குறைந்தது. எட்டாம் நாள் நின்றுவிட்டது.

அன்று நாம் கொல்லை வழியாக நுழைந்து எட்டிப் பார்த்தோம். சிப்பி அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி புனலுக்குள் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. நம் காலடி கேட்டுக் காது மட்டும் அசைந்தது. வால் அசையவில்லை. காலையில் வைத்த சோற்றில் பாதி அப்படியே இருந்தது. கட்டில் இரத்தக் கறை இல்லை, வைத்தியம் பலித்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. சந்தோஷத்தை நிறுத்தும் மருந்து நோயாளிக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் வேலை செய்திருந்தது.

இரவு குழந்தை நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, வால் ஆறின பிறகு அதை எப்படி ஆட்டுவது என்று சிப்பிக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள்.

நாம் கேள்விகள் கேட்டே பிழைக்கிறவர்கள். இந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

மறுநாள் கட்டு மாற்றப் போனபோது குழந்தையே டாக்டரம்மாளிடம் அதைக் கேட்டுவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆடினால் தப்பில்லை, கண்ணு. சுவரில் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். வெட்டவெளியில் கொண்டு போய் வைத்துக்கொண்டு கொஞ்சு. வீட்டுக்குள் வரும்போது மட்டும் சும்மா இரு" என்றார்.

இதில் என்ன பெரிய சாஸ்திரம் இருக்கிறது? ஆனால் எட்டு நாளாக எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நடையின் அகலம் மூன்றடி என்பதை மாற்ற முடியாத விதியாக எடுத்துக்கொண்டோம். மாற வேண்டியது நாயின் மனசுதான் என்று தீர்மானித்துவிட்டோம்.

அன்று முதல் மாலை ஐந்து மணிக்கு, இருட்டுமுன், வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்மேட்டில் ஒரு சபை கூடியது. சகதர்மிணி சிப்பியைக் கயிற்றில் பிடித்து அங்கே கொண்டு வந்து நிறுத்துவாள். நாம் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அங்கேதான் போவோம். குழந்தை நமக்கு முன்பே ஓடிவிடுவாள். முதல் நாள் சிப்பி எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. குழந்தை மண்டியிட்டு, புனலுக்குள்ளே தன் தலையை விட்டு, "சிப்பி!" என்றாள். நுரைக்குழல் மாட்டிய அந்த வால் ஒருமுறை இப்படிப் போயிற்று. ஒருமுறை அப்படிப் போயிற்று. பிறகு இடுப்புவரையில் ஆடியது. சுற்றிலும் காற்றுத்தான், எங்கும் 'டக்' என்ற சத்தம் இல்லை. நமக்குக் காது மடல் விறைத்து, மூக்கில் நீர் வடிந்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அத்தையும் வந்து நின்றார். "இந்தக் குளிரில் ஒரு நாய்க்குச் சந்தோஷம் வருவதற்காகக் குடும்பமே வெளியில் நிற்கிறது; ஊரில் சொன்னால் நம்புவார்களா?" என்றார். ஆனால் முதலில் உள்ளே போனவர் அவர் அல்ல.

பங்குனி பிறப்பதற்குள் வால் ஆறிவிட்டது. வெட்ட வேண்டியிருக்கவில்லை. நுனியில் நாலணா அகலத்துக்கு ரோமம் முளைக்காத ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. செருப்பு அலமாரியை நடையிலிருந்து எடுத்துவிட்டோம். ஆனாலும் மாலைச் சபை நின்றபாடில்லை.

இதில் நமக்கும் ஒரு பாடம் கிடைத்தது. நம் வகுப்பில் கடைசி மணிக்கு முந்திய பாடவேளையில் பையன்கள் பெஞ்சியைத் தட்டுவார்கள், காலை ஆட்டுவார்கள், காரணமில்லாமல் சிரிப்பார்கள். கதவைச் சாத்தி அதட்டுவதுதான் நமது வழக்கம். இப்போதெல்லாம் அந்த 'டக், டக்' கேட்டால் நமக்குச் சுவரில் இருந்த புள்ளிகள் ஞாபகம் வருகின்றன. பத்து நிமிஷம் மைதானத்தில் விட்டுவிட்டு, பிறகு இலக்கணத்தைத் தொடங்குகிறோம். விடைத்தாள்களில் பெரிய மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாம் நுழையும்போது நாற்பது முகங்களும் முன்போல் இருண்டு போவதில்லை.

நடைச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சகதர்மிணி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். அத்தை அதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். தாம் குற்றமற்றவர் என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் சாட்சியாம். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.